இருவருக்கென்று ஒரு நாள்

இல்லறம் என்பது இருவர் தொடங்கும் வாழ்க்கை. ஆயினும், தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அஃது இருவருடையதாக இல்லாமற் போய்விடுகின்றது. பிள்ளைகள், பெற்றோர், சுற்றத்தார், தொழில், கடன், கோவில், சங்கம் என ஒவ்வொன்றும் தனக்குரிய பங்கைக் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றது. எல்லார்க்கும் பங்கிட்ட பின்னர் எஞ்சி நிற்பதே கணவனுக்கும் மனைவிக்கும் உரியது என்பது எழுதப்படாத விதி. பெரும்பாலான இல்லங்களில் எஞ்சி நிற்பது ஒன்றுமில்லை. இதனைக் குறையென்று எண்ணுவோர் சிலரே. இதுவே இல்லறத்தின் பெருமை என்று போற்றுவோர் பலர்.

இவ்விதிக்கு மாறாக ஒரு வழக்கம் இக்காலத்தில் வேரூன்றி வருகின்றது. மணநாளின் ஆண்டு நிறைவையொட்டிக் கணவனும் மனைவியும் மட்டுமே தனித்து வெளியூர் சென்று சில நாள் தங்கி வருவதே அது. மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களின் லயங்களில் பிறந்து, கல்வியால் உயர்ந்து, நகர்ப்புறத்தில் வீடு வாங்கிக் குடியமர்ந்த தலைமுறையினரிடையேயும் இவ்வழக்கம் பரவியுள்ளது. ஓர் எடுத்துக்காட்டைக் கருத்தில் கொள்ளலாம். ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒருவர். அவரைப் போலவே தோட்டத்திலிருந்து வந்து ஆசிரியைப் பணி ஏற்ற அவர் மனைவி. திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறுகின்றன. இருவரும் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை நகரமாகிய பார்சிலோனாவுக்கு ஒரு வாரப் பயணம் மேற்கொள்கின்றனர். பால்மரம் வெட்டியே மகனைப் படிக்க வைத்த முதிய தாய் வீட்டில் இருக்கிறார். சுற்றத்தார் வாய் சும்மா இருப்பதில்லை. “இரண்டு பேருக்காக இவ்வளவு செலவா?” என்கின்றனர். “பெற்றவளை விட்டுவிட்டுப் போகலாமா?” என்கின்றனர். “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்” என்று முடிக்கின்றனர்.

இம்மூன்று கேள்விகளும் வெறும் வம்புப் பேச்சு அல்ல. அவற்றின் அடியில் ஓர் அற வினா உள்ளது. இருவர் தமக்கென்று மட்டும் மகிழ்ந்திருத்தல் அறமாகுமா? அன்றி, பலர்க்கும் உரிய பொருளையும் பொழுதையும் தமக்கெனக் கவர்ந்துகொள்ளும் தன்னலமா? இவ்வினாவை ஆராய்வது இல்லறத்தின் இயல்பையே ஆராய்வதாகும்.

மணிவிழாவும் மணநாளும்

தமிழர் மரபில் மணவாழ்வைக் கொண்டாடும் விழா இல்லாமலில்லை. கணவனுக்கு அறுபது ஆண்டு நிறையும்போது மணிவிழாவும், எண்பது நிறைந்து ஆயிரம் பிறை காணும் பருவத்தில் சதாபிடேகமும் நிகழ்கின்றன. தமிழகத்தில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர் இதற்குப் பெயர் பெற்ற தலம். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் கூற்றுவனை உதைத்த இடம் என்று போற்றப்படுவதால், நீண்ட ஆயுளை வேண்டுவோர் அங்குச் செல்கின்றனர். கடல் கடந்து வாழும் தமிழரும் மணிவிழாவுக்கென அவ்வூர் சென்று மீண்டும் மாலை மாற்றிக்கொள்வதுண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கடல். அக்கரையில், 1620இல் டேனிஷ்காரர் கோட்டை எழுப்பிய தரங்கம்பாடி. ஆகவே, மணவாழ்வின் நிறைவைக் கொண்டாடக் கடற்பக்கத்து ஊருக்குப் பயணம் போதல் தமிழர் அறியாத செய்தியன்று.

எனினும் இரண்டு வேறுபாடுகள் கருதத்தக்கவை. மணிவிழாவில் கணவனும் மனைவியும் நடுவில் அமர்ந்திருப்பர். சுற்றிலும் மக்களும் மருமக்களும் பேரக்குழந்தைகளும் நிற்பர். அது குடும்பத்தின் விழா. இருவரும் அதன் நாயகரே எனினும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள அன்று நேரமிராது. இது முதல் வேறுபாடு. மற்றொன்று இதனினும் நுட்பமானது. மணிவிழா கணவனின் வயதைக் கொண்டு கணக்கிடப்படுவது. மனைவியின் வயது அதில் கணக்கில்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளும் கணக்கில்லை. மணநாள் நிறைவோ, ஒருவர் வயதையும் பாராமல் இருவரும் கூடி வாழ்ந்த காலத்தை மட்டும் எண்ணுவது. குடும்ப நாட்காட்டியில் கணவனும் மனைவியும் ஒரு மயிரிழையும் ஏற்றத்தாழ்வின்றி நிற்கும் நாள் அஃது ஒன்றே. அதனை அயலார் வழக்கம் என்று ஒதுக்குவோர், அதனுள் அடங்கிய சமன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அஃது எதனை மதிக்கின்றது என்பதே அறநோக்கில் முதன்மையானது.

நெய்தலும் கானல்வரியும்

இருவர் தனித்துச் செல்லுதலைப் பழந்தமிழ் இலக்கியம் நன்கறியும். பெற்றோர் இசையாதவிடத்துத் தலைவி தலைவனுடன் புறப்படும் உடன்போக்கு அகப்பாடல்கள் பலவற்றின் பொருள். கொடிய பாலை வழியும் உடன் வருபவரால் இனிதாகும் என்பது அப்பாடல்களின் உட்கருத்து. ஆனால் அது மணவாழ்வின் தொடக்கத்துப் பயணம். இருபத்தைந்து ஆண்டு கடந்த கணவனும் மனைவியும் இன்பம் கருதி மேற்கொள்ளும் பயணத்தை அங்குக் காண்பது அரிது.

மேலும், ஐந்திணைப் பகுப்பில் கூடலுக்கு உரிய நிலம் மலையாகிய குறிஞ்சி. கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரியது இரங்கல். திரும்பி வாராத ஒருவரை எண்ணி அலையோடு புலம்பும் இடமாகவே தமிழ்ச் சான்றோர் கடற்கரையைக் கண்டனர். இன்பம் நாடிக் கடற்கரைக்குச் செல்வோர் இதனை ஒரு நிமிடம் நினைத்தல் தகும்.

கடற்கரையில் இன்பம் நாடிய இருவரைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. புகார் நகரம் கடல் வாணிகத்தால் செழித்த துறைமுகம். இந்திர விழாவின் முடிவில் ஊர் முழுவதும் கடலாடச் செல்கின்றது. கோவலனும் மாதவியும் செல்கின்றனர். கானற்சோலையில் யாழ் மீட்டிப் பாடுகின்றனர். இனிய பொழுது, இனிய இசை, அருகில் விரும்பியவர் என எல்லாம் வாய்த்துள்ளன. ஆனால் அவன் வேறொருத்தியை எண்ணிப் பாடியதாக அவள் கொள்கிறாள். அவளும் அவ்வாறே குறிப்பு வைத்துப் பாட, அவன் ஐயுறுகிறான். எழுந்து போய்விடுகிறான். கானல்வரி, இன்பத்துக்கெனத் தேர்ந்த கடற்கரையிலேயே பிரிவு நேர்ந்த கதையாக முடிகின்றது. இடத்தின் அழகு உள்ளத்தின் இடைவெளியை நிரப்பாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அந்தக் கடற்கரை மகிழ்ச்சிக்கு விலை தந்தவள் யார் என்பதையும் மறத்தல் ஆகாது. அவள் வீட்டில் தனித்திருந்த கண்ணகி.

அதே காப்பியத்தில் மற்றொரு பயணமும் உண்டு. பொருளிழந்த கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகாரை விட்டு மதுரை நோக்கி நடக்கின்றனர். நடந்தறியாத அவள் சிறிது தொலைவிலேயே தளர்ந்து, மதுரை எங்குள்ளது என்று வினவுகிறாள். முப்பது காவத வழியை அண்மையது போலக் கூறி, தன் துயர் மறைத்து அவன் நகைக்கிறான். விழாவும் இல்லை, யாழும் இல்லை. ஆயினும் கோவலன் தன் மனைவியை உண்மையாக நோக்கத் தொடங்கியது அந்த வழியில்தான். அவர்கள் இருவராகவே வாழ்ந்த நாட்கள் அந்தச் சில நாட்களே எனினும் மிகையாகாது. எத்துணை காலம் கடந்து வந்த நோக்கு அது என்பதே கற்பார் நெஞ்சைச் சுடும் செய்தி.

பட்டினப்பாலையின் தலைவன் வேறொரு பாடம் கற்பிக்கிறான். கரிகாலனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையெல்லாம் விரித்துரைக்கிறார். அத்தகைய நகரமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். கடற்கரை நகரம் ஒருபுறம்; உடனிருத்தல் ஒருபுறம். தட்டு எப்பக்கம் தாழ்ந்தது என்பதில் அவனுக்கு ஐயமில்லை. நகரம் பெரிதன்று, உடனிருத்தலே பெரிது. நகரத்துக்குச் செல்லாமலும் அதனைப் பெறலாம். நகரத்துக்குச் சென்றும் அதனை இழக்கலாம்.

நிரையில் கழிந்த இல்லறம்

இக்கருத்தைக் கொண்டு மலாக்காத் தோட்டங்களை நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். மலாயாவில் வாணிக முறையில் முதன்முதலாக ரப்பர் பயிரிடப்பட்ட மண் மலாக்காவே. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய முயற்சி பின்னர் புக்கிட் அசகானுக்கு விரிந்தது. அம்மரங்களைச் சீவத் தமிழர் வந்தனர். தோட்டத்து வேலையில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பிரிந்திருந்ததில்லை. இருவரும் இருள் பிரியுமுன் எழுந்தனர். பெரட்டில் பெயர் கொடுத்தனர். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டனர். அடுத்தடுத்த நிரைகளில் மரம் சீவினர். பின்னர் மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தனர். ஒரே லயம், ஒரே அடுப்பு, ஒரே வேலைக்காடு. உலகில் எத்தனையோ கணவன் மனைவியர்க்குக் கிட்டாத உடனிருத்தல் அவர்களுக்கு நாள்தோறும் கிட்டியது.

ஆனால் அஃது உடனிருத்தல்தானா? ஒருவர் அருகில் ஒருவர் நின்றனர். ஒருவரையொருவர் நோக்கி நிற்கவில்லை. இருவர் கண்ணும் பட்டை மீதும், கோட்டின் மீதும், வழியும் பாலின் மீதும் இருந்தன. லயத்துக்குத் திரும்பினால் அவனுக்கு அசதி; அவளுக்கு அடுப்பு. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை, ஆகவே ஓய்வு கிடைத்த நாளும் கவலைக்குரிய நாளாயிற்று. மனைவி கணவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கணவன் மனைவியைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்தே அழைத்தான். பிள்ளைகளை இடையில் வைத்தே இருவரும் பேசிக்கொண்டனர். அதில் அன்பு இல்லை என்று கூறுதல் பெரும் பிழை. முதல் கவளத்தை அவள் ஒதுக்கி வைத்ததிலும், அவள் சுமையில் பாதியை அவன் வாங்கிக்கொண்டதிலும் அன்பு இருந்தது. ஆனால் அவ்வன்பு தன்னைத் தானே அறிந்துகொள்ளப் பொழுது இருந்ததில்லை.

பயணங்களும் இருந்தன. அவை இருவருடைய பயணங்கள் அல்ல. மாசி மகத்தன்று மலாக்கா பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து முருகன் வெள்ளித் தேரில் செங் சன்னாசிமலைக்கு எழுந்தருளும் விழாவுக்குத் தோட்டத்து மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். அது பக்திப் பயணம். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் நீதி கேட்டுக் கோலாலம்பூர் நோக்கி நடந்தனர். அஃது உரிமைப் பயணம். அவர்தம் முன்னோர் கப்பலேறி வந்ததோ வயிற்றுப் பயணம். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் தளத்தில் வந்தோர்க்குக் கடல் என்பது கடக்க வேண்டிய துன்பமேயன்றிக் கண்டு மகிழும் காட்சியன்று. தோட்டத்திலிருந்து சில மைல் தொலைவிலேயே மலாக்கா நீரிணை இருந்தும், வாழ்நாளில் ஒருமுறையேனும் இருவராகக் கரையில் அமர்ந்து அலையைப் பாராமலே முதுமை எய்திய கணவன் மனைவியர் தோட்டந்தோறும் இருந்தனர்.

மலாக்காவிலிருந்து ஸ்பெயினுக்குச் சென்றோர் வரலாற்றிலும் இவ்வுண்மை உண்டு. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய காலத்தில் மகெல்லன் என்ற கடலோடி ஓர் இளைஞனை அடிமையாகப் பெற்றுத் தன்னுடன் கொண்டு சென்றான். என்ரிக்கே என்று பெயரிடப்பட்ட அவ்விளைஞன் ஸ்பெயின் சேர்ந்து, 1519இல் அங்கிருந்து புறப்பட்ட உலகப் பெருங்கடற் பயணத்தில் மொழிபெயர்ப்பாளனாகவும் சென்றான். அவன் கண்ட கடல்கள் பல. அவற்றுள் ஒன்றையும் அவன் விரும்பித் தேரவில்லை. பயணத்தின் சிறப்பு தொலைவில் இல்லை, விருப்பத்தில் உள்ளது. கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று தாம் விரும்பிய ஊரைத் தாமே தேர்ந்து செல்கின்றனர் என்றால், அதனை வெறும் ஆடம்பரம் என்று இகழ்தல் வரலாறு அறியாதார் கூற்றாகும்.

தன்னலம் என்னும் குற்றச்சாட்டு

இனி முதல் குற்றச்சாட்டை நோக்கலாம். இருவருக்காக மட்டும் செலவிடுதல் தன்னலம் என்பது அது. வள்ளுவர் இல்வாழ்வின் பயனே விருந்தோம்பலும் பிறர்க்கு உதவுதலும் என்று வகுத்தவர். ஆகவே அவரைத் துணைக்கழைத்து இக்குற்றத்தைச் சாட்டுவதுண்டு. ஆனால் அதே வள்ளுவர் இருபத்தைந்து அதிகாரங்களை, இருநூற்றைம்பது குறள்களை இருவர் காதலுக்கென்றே ஒதுக்கினார். கடவுள் வாழ்த்தில் தொடங்கிய நூலை எங்கு முடித்தார்? ஊடலுவகை என்னும் அதிகாரத்தில், ஊடித் தெளியும் இருவர் மகிழ்ச்சியில் முடித்தார். அறமும் பொருளும் கூறிய பின்னர்க் கூறப்பட்டதால் அஃது எஞ்சிய பொருள் என்று கொள்ளுதல் தவறு. அறமும் பொருளும் எதற்காக என்ற வினாவுக்கு விடையாகவும் அதனைக் கொள்ளலாம். பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் முதலிரு பால்களே இடம்பெறுவதால், மூன்றாம் பால் நாணத்துக்குரிய பகுதியென்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் படிந்துவிட்டது. இருவர் மகிழ்தலைக் குற்றமாகக் காணும் மனப்பான்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

வற்றிய கிணறு ஊருக்கு நீர் தராது. கணவனும் மனைவியும் ஒருவரில் ஒருவர் ஊறாத இல்லத்தில் விருந்தும் கடமையாகிவிடும்; பிள்ளை வளர்ப்பும் சுமையாகிவிடும். ஆகவே இருவர்க்குரிய பொழுதை இருவரும் பெறுதல் ஏனைய அறங்களுக்குப் பகையன்று. அவற்றின் ஊற்றே அது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வும், பணிக்காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 8 நாள், 12 நாள், 16 நாள் எனச் சம்பளத்துடன் விடுமுறையும் உண்டு என்கின்றது. சட்டம் தரும் அந்நாட்களைத் திருமண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் பங்கிட்டுவிட்டு, ஒரு நாளையேனும் துணைக்கென ஒதுக்காதவர் தியாகிகள் அல்லர், கடனாளிகளே.

“பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது தோட்டத்து இல்லங்கள்தோறும் ஒலித்த சொல். பிள்ளைகள் தலையெடுத்தனர். அதற்குள் இருவரில் ஒருவர் மறைந்தார். அல்லது முழங்கால் ஓய்ந்தது. அல்லது பேசிப் பழகாத இருவர்க்குப் பேசுவதற்குச் சொல்லே இல்லாமற் போயிற்று. மூன்றாவது இழப்பே மூன்றிலும் கொடியது. பொருளைப் பின்னர் ஈட்டலாம். நிலத்தைப் பின்னர் வாங்கலாம். ஒருவர் நெஞ்சை அறிவதற்குரிய காலத்தைப் பின்னர் வாங்க இயலாது.

பெற்றோரின் கடன்

இரண்டாம் குற்றச்சாட்டே கனமானது. பால்மரத்தடியில் தேய்ந்த தாய் வீட்டில் இருக்க, மகனும் மருமகளும் கடல் கடந்து செல்லலாமா? இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை. தாயையும் உடனழைத்துச் சென்றால் கடன் தீர்ந்தது என்று கருதுவர் சிலர். உண்மையில் தாய் இழந்தது பார்சிலோனாவை அன்று. அவர் இழந்தது தம் கணவரோடு இருந்திருக்க வேண்டிய பொழுதை. அதனை எந்த மகனாலும் திருப்பித் தர இயலாது. திருப்பித் தர இயலாத கடன் என்று அறிவதே மகனின் முதற்கடமை. அவ்வறிவு உள்ளவன் தாய்க்கு வேண்டிய துணையை ஏற்பாடு செய்யாமல் புறப்படான். சென்ற ஊரின் பெருமையை அவர்முன் அளக்கான். தந்தையைப் பற்றி அவர் பேச விரும்பும்போது செவி கொடுப்பான். பெற்றோர் பெறாத இன்பத்தைத் தானும் பெறாமல் இருத்தல் பெற்றோர்க்குச் செய்யும் மரியாதையன்று. பெறாமையை மரபாக்குவதற்கா அவர்கள் உழைத்தார்கள்?

ஆயினும் ஓர் அளவுகோல் வேண்டும். ஒருவர் மகிழ்ச்சியின் சுமையை யார் தூக்குகிறார் என்பதே அது. கடன் வாங்கிச் சென்று பல மாதம் வீட்டாரை வாட்டுதல் கூடாது. பயண ஏற்பாடு, துணிமணி, வீட்டார்க்குரிய உணவு, பிள்ளைகளின் தேவை ஆகிய அனைத்தையும் மனைவியே செய்து முடித்து, களைத்த உடலோடு விமானம் ஏறுவாளாயின், அது கணவன் பெற்ற விடுமுறை. இருவர் பெற்றது அன்று. ஊரைத் தேர்ந்தவர் யார் என்ற சிறு வினாவே பல இல்லங்களின் உண்மையை வெளிப்படுத்திவிடும். சென்ற இடத்தில் ஒருவரையொருவர் நோக்காமல், கைப்பேசியில் படமெடுத்து ஊருக்குக் காட்டுவதிலேயே பொழுது கழியுமாயின், பெரட்டுக்குச் சென்ற தந்தையும் தாயும் பட்டையை நோக்கி நின்றதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? அவர்களுக்கு வேறு வழியில்லை. இவர்களுக்கோ வழி இருந்தது.

கரையில் இருப்போர்

சுமை தூக்குவோர் வீட்டில் மட்டும் இல்லை. செல்லும் ஊரிலும் இருக்கின்றனர். பார்சிலோனா மலேசியர்க்கு அறிமுகமான பெயர். 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டில் ராசிப் சீடேக், ஜலானி சீடேக் உடன்பிறப்பினர் பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் வெண்கலம் வென்று மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தது அங்கேதான். பயணிகள் இன்று உலவும் மணற்கரைகளில் பெரும்பகுதி அவ்விளையாட்டையொட்டி உருவாக்கப்பட்டது. அதற்குமுன் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் நகருக்கும் கடலுக்கும் நடுவே நின்றன. கடல் திறந்தது, உலகம் வந்து குவிந்தது, வீட்டு வாடகை ஏறியது. 2024 ஜூலையில் அந்நகர மக்கள் ஊர்வலம் சென்றபோது, உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள் மீது சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் நீரைப் பீய்ச்சியடித்தனர். பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்நகர மேயர் அதே ஆண்டு ஜூனில் அறிவித்தார்.

மலாக்கா வாசகர் இதனைப் புரிந்துகொள்ள நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஜார்ஜ்டவுனோடு இடம்பெற்ற மலாக்கா நகரும் பயணிகளால் நிறையும் கடற்கரை நகரமே. ஒருகாலத்தில் கடலையொட்டி நின்ற போர்த்துகீசியர் கோட்டை வாயிலிலிருந்து இன்று கடல் விலகிப் போய்விட்டது. கடலை நிரப்பிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர் தம் தொழில் நலிந்ததைக் கூறி முறையிட்டு வந்துள்ளனர். ஒருவர் மணநாளைக் கொண்டாடும் இடம் மற்றொருவர் பிழைக்கும் இடம் என்பதை மலாக்காவில் பிறந்தவர் மறத்தலாகாது. தன் ஊருக்கு வரும் விருந்தினர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறாரோ, அவ்வாறே அவர் அயலூரில் நடந்துகொள்ளல் வேண்டும்.

இன்னும் ஒரு கூட்டத்தார் உள்ளனர். மலேசியத் தோட்டங்களில் இன்று உழைப்போருள் மிகப் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளினின்று வந்தவர்கள். அவர்களுக்கு வழங்கப்படும் வேலை அனுமதி, கணவனையோ மனைவியையோ உடன் அழைத்து வர இடம் தருவதில்லை. அன்றைய தமிழ்த் தொழிலாளிக்கு உடனிருத்தல் இருந்தது, பொழுது இல்லை. இன்றைய அயலகத் தொழிலாளிக்கு உடனிருத்தலே இல்லை. நெய்தலின் இரங்கல் நூலில் மட்டும் இல்லை. அடுத்த நிரையில் இருக்கின்றது. நீரிணையின் எதிர்க்கரையில் காத்திருக்கின்றது. இருவர்க்கென்று ஒரு நாள் வேண்டும் என்பது அறமாயின், அது பொருள் படைத்தோர்க்கு மட்டும் உரிய அறமாக இருத்தல் இயலாது. தனக்கு வேண்டியதைப் பிறர்க்கும் வேண்டும் என்று கருதும்போதே விருப்பம் அறமாகின்றது.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. கணவனும் மனைவியும் தமக்கென ஒரு நாளை ஒதுக்குதல் தன்னலமன்று. இல்லறத்தின் கடமைகளுள் ஒன்று. அந்நாளை எங்குக் கழிப்பது என்பது அவரவர் கைப்பொருளைப் பொறுத்தது. பார்சிலோனாவாகவும் இருக்கலாம், தஞ்சோங் பிடாராவாகவும் இருக்கலாம், பிள்ளைகள் உறங்கிய பின்னர் வீட்டு வாசற்படியாகவும் இருக்கலாம். ஒருவரையொருவர் நோக்கியிருத்தல் அந்நாளின் உயிர். அதன் சுமையைப் பிறர் தலையில் ஏற்றாமையே அதன் ஒழுக்கம்.

இக்கருத்தை இளையோர்க்கு ஊட்டும் வாய்ப்பு ஆசிரியர்க்கு மிகுதி. கானல்வரியைப் பாடம் சொல்லும்போது யாழின் இனிமையோடு நின்றுவிடாமல், பேசாத சொல்லால் பிரிந்த இருவரைக் காட்டலாம். திருக்குறள் ஊடலுவகையில் முடிவதன் பொருளை உரிய பருவத்து மாணவர்க்கு நாணமின்றி விளக்கலாம். ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதும் மாணவனிடம், அவன் தாயும் தந்தையும் இருவராக எங்கேனும் சென்றதுண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அவன் வீட்டுக்குச் சென்று அவ்வினாவைப் பெற்றோரிடம் கேட்பான். அன்றிரவு அவ்வீட்டில் இருவர் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால், இலக்கியம் கற்பித்ததன் பயன் அங்குக் கிட்டியதெனக் கொள்ளலாம்.